இப்பத்தான் குடிச்சேன், தாயி

தண்ணீர் குடித்தே சாகப் பார்த்தவன் நான். குளத்தில் மூழ்கியோ கிணற்றில் விழுந்தோ அல்ல. அதற்கெல்லாம் எங்கள் பக்கம் வசதி கிடையாது. கோவில்பட்டியில், வீட்டுக் கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, செம்பு செம்பாகக் குடித்து. அதுவும் குழாயில் தண்ணீர் வருகிற நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிற தெருவில். வெளியில் சொன்னால் திமிர் என்பார்கள் என்பதால் இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை.

என் பெருங்குடலின் கடைக்கோடியில் ஒரு கட்டி இருந்தது. அதை வெட்டி எடுத்துத் தைத்தார்கள். தைத்த இடம் ஆறும்வரை அந்த வழியில் போக்குவரத்து கூடாதென்று, சிறுகுடலை வயிற்றின் வலப்பக்கம் வெளியே திறந்துவிட்டு, அதன்மேல் ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள். பாலம் வேலை நடக்கும்போது வண்டியை வேறு பக்கம் திருப்பிவிடுகிற மாதிரி. மூன்று மாதத்தில் மறுபடியும் உள்ளே வைத்து ஒட்டிவிடலாம் என்றார் டாக்டர். ஆனால் ஒரு நிபந்தனை. பையில் வருவது நாளைக்கு ஒரு லிட்டர் அளவில் நிற்க வேண்டும், சிறுநீரகம் கெடாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் கத்தியைக் கையில் எடுக்கவே மாட்டேன் என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார். நான் தலையாட்டினேன். ஆட்டிக்கொண்டே, இதை எந்தப் பத்திரிகைக்கு நகைச்சுவைக் கட்டுரையாக எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு தாளும் கொடுத்தார்கள். அது நல்ல கெட்டித்தாள். அப்போது படித்துக்கொண்டிருந்த தடித்த நாவலுக்கு அடையாளமாக வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ஒரு லிட்டர் வரவில்லை. மூன்று வந்தது. பையைக் காலி செய்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அடுத்த பை தயாராக இருக்கும். நாக்கு செருப்புத்தோல் மாதிரி ஆயிற்று. கெண்டைக்கால் இழுத்தது. எழுந்து நின்றால் சுவர் என்னைச் சுற்றி வந்தது. மறுபடி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுக்கப்போட்டு டிரிப் ஏற்றினார்கள். "நீர்ச்சத்து ரொம்பக் குறைஞ்சிருக்கு. இப்படியே போனா கிட்னி தாங்காது. ஒட்டுறதைப் பத்தி அப்புறம் பேசவே வேண்டாம்" என்றார் டாக்டர்.

சொல்லை வைத்துப் பிழைக்கிறவன் என்று என்னைப் பற்றி எனக்கொரு எண்ணம் உண்டு. நீர்ச்சத்து குறைந்தால் என்ன செய்ய வேண்டும்? நீரைக் குடிக்க வேண்டும். இதற்கு ஒரு டாக்டரா? வீட்டுக்கு வந்ததும் குடிப்பதை இரட்டிப்பாக்கினேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என் கட்சிதான். உடம்புச் சூடு என்று ஒருவர் இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார், இன்னொருவர் தூக்குச்சட்டியில் கம்மங்கூழ். எல்லாம் உள்ளே போயிற்று. போன வேகத்தில் வெளியே வந்தது. குடிக்கக் குடிக்கப் பை நிறைந்தது, பை நிறைய நிறையத் தாகம் எடுத்தது. சித்திரை வெயிலில், காதுவரை தண்ணீரை நிரப்பிக்கொண்டு, நான் வற்றிக்கொண்டிருந்தேன்.

நைட்டிக்கார அக்கா வந்தது அப்போதுதான்.

அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. தெருவில் யாருக்கும் தெரியாது. புதியம்புத்தூரில் தைத்த நைட்டிகளை இரண்டு பெரிய பைகளில் அடைத்துக்கொண்டு, மாதத்தில் ஒருநாள் பஸ்ஸில் வருவார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கொத்தவரை வற்றல் மாதிரி உடம்பு. சேலையை மட்டும் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றியது போல இருக்கும். வாசலில் நின்று குரல் கொடுக்க மாட்டார். பையை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டே பெண்கள் வெளியே வருவார்கள்.

அவரைப் பற்றித் தெருவுக்கு ஒரே ஒரு மனக்குறை இருந்தது. யார் வீட்டிலும் அவர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை.

எங்கள் பக்கம் ஒருவர் யார், எந்தப் பக்கத்து ஆள் என்றெல்லாம் நேராகக் கேட்கிற வழக்கம் இல்லை. ஒரு செம்புத் தண்ணீரை நீட்டிப் பார்ப்போம். வாங்கினால் ஒரு பதில், வாங்காவிட்டால் இன்னொரு பதில். வெயிலில் வேர்த்து ஒழுக வந்து உட்கார்ந்திருக்கிற மனுஷி, நீட்டிய செம்பைக் கையால் மெல்லத் தள்ளி, "இருக்கட்டும், இப்பத்தான் குடிச்சேன், தாயி" என்று சொன்னால் யாருக்குத்தான் உறைக்காது? ஐந்து வருடமாக என் மனைவி செம்பை நீட்டினாள். ஐந்து வருடமாக அவர் இப்பத்தான் குடித்திருந்தார்.

"நம்ம வீட்டுச் செம்பு அவியளுக்கு ஆகாதோ" என்பாள் மனைவி, அவர் தெருமுனை தாண்டியதும்.

"அப்போ எதுக்கு அவங்ககிட்ட நைட்டி வாங்குறே?"

"நைட்டி நல்லா இருக்குல்லா."

வேடிக்கை என்னவென்றால், இதே காரணத்துக்காக இரண்டு தெரு தள்ளி சில வீடுகளில் அவருக்கு மரியாதை கூடியிருந்தது. ஆசாரம் பார்க்கிற அம்மா என்று பேச்சு. இன்னும் சில வீடுகளில் அவரைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். அவர் இரண்டுக்கும் ஒரே முகத்தை வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

அன்றைக்குக் கூடத்தில் நைட்டிகளை விரித்துப் போட்டிருந்தார். நான் அரை மணி நேரத்தில் மூன்றாவது தடவையாகக் கழிவறையிலிருந்து வந்தேன். லுங்கியைத் தொப்புளுக்கு மேலே தூக்கிக் கட்டி, அதற்கு மேல் துண்டைப் போட்டிருந்தேன். வந்ததும் செம்பை எடுத்து அண்ணாந்து முக்கால் செம்பை இறக்கினேன். கீழே வைத்தபோது அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விற்கிறவர் பார்வை இல்லை அது.

"அண்ணாச்சிக்கு என்ன ஆபரேசன்?"

"குடலிறக்கம்" என்றாள் என் மனைவி. தெரு முழுக்க அப்படித்தான் சொல்லி வைத்திருந்தோம்.

"கெண்டைக்கால் இழுக்குதா?"

"இழுக்குது" என்றேன்.

"ஒண்ணுக்கு நல்லாப் போகுதா?"

நைட்டி விற்க வந்தவர் கேட்கிற கேள்வியா இது? மனைவி முந்திக்கொண்டாள். "எங்க போகுது! காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். மஞ்சளா."

"பை எம்புட்டு வருது?"

நான் அவருடைய நைட்டிப் பையைப் பார்த்தேன். அவர் சிரித்தார். முந்தானையை லேசாக விலக்கி, சேலைக்கு மேலேயே வயிற்றின் வலப்பக்கத்தைத் தட்டிக் காட்டினார். தண்ணீர்ப் பாக்கெட்டைத் தட்டியது போலக் கேட்டது.

"இதுவும் பைதான் அண்ணாச்சி. பதினோரு வருசமாச்சு. எனக்குப் பெருங்குடலே கெடையாது, புண்ணுன்னு எடுத்துட்டாவ. உங்களுக்கு ஒட்டுறதாச் சொல்லியிருப்பாவ. எனக்கு இதான் கடைசி வரைக்கும்."

மனைவி கையில் இருந்த செம்பையும் அவர் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். ஐந்து வருடக் கணக்கு அவள் முகத்தில் ஒவ்வொன்றாகக் கழிவது தெரிந்தது.

"யக்கா, இதுக்காகவா நீங்க தண்ணி வாங்கல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. நாங்க என்னவெல்லாமோ நெனச்சோம்."

"நெனைப்பீங்கன்னு தெரியும் தாயி. பையைப் பத்தித் தெரிஞ்சா வீட்டுக்குள்ள உக்காரவச்சு துணியைத் தொடுவாவளா? மோந்துல்லா பாப்பாவ. அதுக்கு இது தேவலைன்னு விட்டுட்டேன்."

அவர் குரலில் வருத்தம் இல்லை. எந்த அளவு நைட்டி யாருக்குச் சரியாக வரும் என்று சொல்கிற அதே குரல்.

பிறகு என் பக்கம் திரும்பினார். உப்பில்லாத வெறும் தண்ணீர் எங்களைப் போன்றவர்களுக்கு உடம்பில் தங்காது என்றார். "விருந்தாளி மாதிரி வரும். போகும்போது வீட்டுல இருக்க உப்பையும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிரும். உப்புப் போச்சுன்னா இன்னும் தாகம். தாகம்னு இன்னும் தண்ணி. புரியுதா? தாகம் சொல்லுறதக் கேக்காதீங்க. அது புளுகும்."

"டாக்டர் நீர்ச்சத்து குறைவுன்னுதானே சொன்னாரு?"

"நீரு வேற, சத்து வேற அண்ணாச்சி. நீங்க பாதியைக் கேட்டுட்டு எந்திரிச்சு வந்துட்டீங்க."

முப்பது வருடமாகச் சொற்களைப் பற்றி எழுதிவருகிறவனுக்கு, ஒரு கூட்டுச்சொல்லைப் பிரித்துக் காட்ட நைட்டிப் பையோடு ஒருவர் பஸ் ஏறி வரவேண்டியிருந்தது.

"ஆஸ்பத்திரியில தாள் ஒண்ணு குடுத்திருப்பாவளே. எடுங்க" என்றார். மனைவி நாவலிலிருந்து உருவினாள். நானூற்றுச் சொச்சம் பக்கங்களில் நான் எங்கே இருந்தேன் என்பது அன்றோடு தொலைந்தது. அதன்பிறகு அந்த நாவலை முடிக்கவே இல்லை. தாளைத் தமிழில் வாசித்துச் சொன்னேன். வெறும் தண்ணீர், காப்பி, டீ எல்லாம் சேர்ந்து நாளைக்கு அரை லிட்டர். மற்ற தாகத்துக்கெல்லாம் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு கரண்டி குளுக்கோஸ், ஒரு கரண்டி உப்பு, அரைக் கரண்டி சமையல் சோடா கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக. சாப்பாட்டோடு எதையும் குடிக்கக் கூடாது; முன்னும் பின்னும் அரை மணி நேரம் இடைவெளி. குடல் ஓட்டத்தை மட்டுப்படுத்துகிற மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். நான் மாத்திரையைச் சாப்பிட்டு முடித்து ஒரு செம்புத் தண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருந்தேன். வாசிக்க வாசிக்க அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார், தெரிந்த ஊர்களின் பெயரைக் கண்டக்டர் கூவுவதைக் கேட்பவர் போல.

"கரண்டின்னா தலை தட்டின கரண்டி. குமிச்சு அள்ளிராதீங்க தாயி. இப்ப ஆஸ்பத்திரிக்கு ஒரு ஃபோனைப் போட்டுக் கேட்டுக்கிடுங்க. நான் சொன்னேன்னு எதுவும் செய்யாதீங்க, நான் நைட்டி விக்கிறவ."

ஃபோனில் டாக்டர் எல்லாவற்றையும் சரி என்றார். "இதைத்தானே அன்னைக்கே சொன்னேன். தலையாட்டினீங்களே?" என்றும் கேட்டார்.

அதிலிருந்து அக்கா மாதம் ஒருமுறை வருவது வாரம் ஒருமுறை ஆயிற்று. பையை இறக்கி வைத்ததும் முதல் கேள்வி, "நேத்து எம்புட்டு?" அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் அளவுக்குவளை வாங்கி, அளந்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருந்தார். இரண்டரை. இரண்டு. ஒன்றே முக்கால். நைட்டி வெட்டியதில் மிஞ்சிய துணியில் என் பைக்கு ஓர் உறையும் தைத்துக் கொடுத்தார், வேர்வையில் உடம்போடு ஒட்டாமல் இருக்க. ஊதாப்பூப் போட்ட துணி. அதே துணியில் என் மனைவிக்கு ஏற்கனவே ஒரு நைட்டி இருந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நாங்கள் இருவரும் ஒரே துணியில் உடுத்தியது அப்போது மட்டும்தான்.

சாப்பாடும் மாறியது. வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு, ஜவ்வரிசிக் கஞ்சி, வாழைப்பழம். கீரை இல்லை, கம்பு இல்லை. கோவில்பட்டியில் இருந்துகொண்டு கடலைமிட்டாயைக் கண்ணால் மட்டும் தின்றேன். இலைக்கு வலப்பக்கம் டம்ளர் இல்லாமல் சாப்பிடுவது, பேசிக்கொண்டிருக்கும்போது எதிராளி எழுந்து போய்விட்டது போல இருந்தது.

இந்த நாட்களில்தான் ஒரு சங்கடம் வந்தது. தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் வீடு. ஒருநாள் காலை என்னைத் தனியாக ஓரம்கட்டினார்.

"அண்ணாச்சி, தப்பா நெனக்கப்பிடாது. ஒரேயடியா நிறுத்திராதீங்க. எங்க மாமா அப்படித்தான் நிறுத்தினாவ, கை நடுங்க ஆரம்பிச்சுட்டு. கொஞ்சம் கொஞ்சமாக் குறைங்க."

விவரம் தெரிந்து, அக்கறையோடு பேசுகிறாரே என்று நெகிழ்ந்துபோனேன். "ஆமா அண்ணாச்சி, குறைச்சுட்டுத்தான் வாரேன். டாக்டர் தண்ணியை நாளைக்கு அரை லிட்டரோட நிறுத்தச் சொல்லிட்டாரு."

அவர் முகம் போன போக்கை நான் அப்போது கவனிக்கவில்லை. "அரை லிட்டரா? டாக்டரே சொல்லுதாரா?"

"ஆமா. அதையும் கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கணும்."

"எந்த ஆஸ்பத்திரி அண்ணாச்சி?" என்றார், உண்மையான ஆவலோடு.

வீட்டுக்குள் வந்து சொன்னதும் மனைவி தலையில் கை வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் வாராவாரம் என்ன கேட்டிருக்கும்? நேத்து எம்புட்டு? ரெண்டரை லிட்டர். ஏன் கூடிப்போச்சு, தண்ணியை விடச் சொன்னேன்லா? கேட்டவர் நல்ல மனுஷன், அதனால் இரண்டரை லிட்டர் குடிக்கிறவனுக்குப் புத்தி சொல்ல வந்திருக்கிறார். போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். என்னவென்று சொல்வது? குடலிறக்கத்துக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் பை வெளியே வரும்.

அக்காவிடம் சொன்னபோது ரொம்ப நேரம் சிரித்தார். "நல்லதாப் போச்சு அண்ணாச்சி. குடிகாரன்னு வச்சுக்கிட்டா யாரும் பக்கத்துல வரமாட்டாவ, மோந்து பாக்க மாட்டாவ. அப்படியே இருங்க." நான் குடிகாரனாகவும் அவர் ஆசாரக்காரராகவும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சிரித்தோம்.

பை ஒன்றேகால் லிட்டருக்கு வந்து நின்றபோது எனக்குக் கொழுப்பு ஏறியது. எட்டயபுரம் பக்கத்தில் ஒரு பள்ளி ஆண்டுவிழாவுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். மேடை, மாலை, எதிரே குளிர்ந்த தண்ணீர் பாட்டில், தகரக் கொட்டகை. பேசிக்கொண்டே ஒரு பாட்டிலை முடித்தேன், இன்னொன்றும் வைத்தார்கள், அதையும் முடித்தேன். பேச்சு முடிவதற்குள் ஜிப்பாவுக்குள் பை உப்பி, அதுவும் நாலு வார்த்தை பேச எழுந்துவிடும் போல இருந்தது. நன்றியுரைக்கு முன்பே ஓடி வந்தேன். மறுநாள் இரண்டே முக்கால். மூன்று வாரத்தில் ரத்தப் பரிசோதனை. அதைப் பார்த்துத்தான் ஆபரேஷன் தேதி. நோட்டில் ஒன்றேகால் என்று எழுதி வைத்தேன்.

அக்கா நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நாக்கை நீட்டுங்க" என்றார். நீட்டினேன். நோட்டை மூடினார்.

திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. விரித்த நைட்டிகளைத் திரும்ப மடித்துக்கொண்டே பேசினார். "எம் மவளுக்கு நிச்சயம் பண்ணின அன்னைக்கு, எல்லாரும் சாப்பிட்டுப் போன பொறவு, அடுப்படியில மண்பானையில தண்ணி இருந்துச்சு. மூடியைத் தொறந்ததும் குளிர்ச்சி முகத்துல அடிச்சுது. ஒரு செம்பு கோரி அப்படியே குடிச்சேன். நிறுத்தாம. மறுநா ஆஸ்பத்திரியில கெடக்கேன், மாப்ள வீட்டுக்காரவ பாக்க வந்துட்டாவ, மவ வெளிய நின்னு அழுதுட்டு இருக்கா. எல்லாம் சரியாப் போச்சுன்னு வைங்க." மடித்ததைப் பைக்குள் வைத்தார். "ஆனா அந்த ஒரு செம்பு இருக்கே. இப்பவும் தொண்டையில நிக்குது அண்ணாச்சி."

நான் நோட்டை வாங்கி, ஒன்றேகாலை அடித்துவிட்டு இரண்டே முக்கால் என்று எழுதினேன். அதன்பிறகு ஒரு சொட்டு ஏமாற்றவில்லை. மேடைக்கும் போகவில்லை, அதில் ஊருக்கும் நஷ்டமில்லை.

மூன்று வாரத்தில் பை தொள்ளாயிரம் மில்லிக்கு இறங்கியது. ரத்தம் சுத்தமாக இருந்தது. டாக்டர் தேதி குறித்தார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா வந்தார். கையில் கடம்பூர் போளி, என் மனைவிக்கு. மகளுக்குத் திருப்பூரில் பிள்ளை பிறந்திருக்கிறது, அங்கேயே தையல் பார்த்துக்கொண்டு இருந்துவிடப் போகிறேன், இனி இந்தப் பக்கம் வருவது சிரமம் என்றார். மனைவி உள்ளே போய், கரண்டியைத் தலை தட்டித் தட்டி அளந்து கலக்கிய உப்புக் குளுக்கோஸ் தண்ணீரை ஒரு டம்ளரில் கொண்டுவந்து நீட்டினாள். அக்கா இரண்டு கையாலும் வாங்கினார். எங்கள் வீட்டில் அவர் குடித்த முதல் டம்ளர். சிறுகச் சிறுக, கால் மணி நேரம் குடித்தார். மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே எதிரே நின்றாள்.

வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம் சொன்னார். "ஒட்டி, ஆறி, டாக்டரு சரின்னு சொன்ன பொறவு, எனக்கும் சேத்து ஒரு செம்பு குடிச்சிருங்க. நின்னு நிதானிச்சுக் குடிக்கப்பிடாது. ஒரே மூச்சுல."

ஒட்டியாயிற்று. தையல் ஆறியது. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாள் காலை, முதன்முதலாகத் தெருவில் இறங்கி நடந்தேன். வயிற்றில் பை இல்லாமல் ஒரு பக்கம் இலேசாக இருந்தது. வீட்டில் குடித்தால் மனைவி பார்த்து அழுவாள். டீக்கடைக்குப் போனேன்.

"ஒரு செம்பு தண்ணி குடுங்க அண்ணாச்சி" என்றேன்.

டீக்கடை அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நிறையக் கோரிக் கொடுத்தார். அண்ணாந்தேன். முழுச் செம்பும் ஒரே மூச்சில் இறங்கியது. கழுத்தில் வழிந்து சட்டையை நனைத்தது. அடுப்படியும் மண்பானையும் மடித்து வைத்த நைட்டிகளும் ஒரு கணம் கண்ணுக்குள் வந்து போயின; கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பெரிய கடன் ஒன்றை முடித்தவன் போல நிமிர்ந்து நடந்தேன்.

பத்தடி போயிருக்க மாட்டேன். பின்னால், பெஞ்சில் இருந்தவரிடம் அண்ணாச்சி தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது.

"பாவம்லே, மூணு மாசம் கட்டுப்பாடா இருந்தாரு. மறுபடி ஆரம்பிச்சுட்டாரு. கண்ணைப் பாத்தியா, கலங்கிக் கெடக்கு. விடிஞ்சதும் ஒரு செம்பு இப்படி இறங்குதுன்னா, நேத்து எம்புட்டு உள்ள போயிருக்கும்!"